நான் எழுதிய 'இல்லை'

நம் சங்கத்தின் ஆண்டுச் சுற்றுலாவைப் பற்றிக் கட்டுரை வராத மலர் இதுவரை வெளிவந்ததில்லை. தயிர்ச்சோறு புளித்துப்போனது, பேருந்து நடுவழியில் நின்றுவிட்டது, செயலாளர் அவர்கள் படகில் கால் வைக்கும்போது ஒரு செருப்பைக் கிருஷ்ணைக்குத் தானம் செய்தது முதலிய வரலாற்றுச் சிறப்புடைய நிகழ்ச்சிகளை வேறு நண்பர்கள் எழுதுவார்கள். நான் எழுதப் புகுவது அன்று படகில் எழுந்த ஒரு கேள்வியைப் பற்றி.

2025ஆம் ஆண்டு சனவரியில் நாகார்ஜுனசாகருக்குச் சென்றிருந்தோம். அணையைப் பார்த்துவிட்டு விசைப்படகில் ஏறி நாகார்ஜுனகொண்டாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். எப்பக்கம் நோக்கினும் நீர். தீவு கண்ணுக்குத் தெரிந்ததும், என் பக்கத்தில் இருந்த முதலாண்டுத் தம்பி ஒருவர், "ஏன் அக்கா, அந்தக் காலத்து ராஜாக்கள் இப்படி ஆற்றுக்கு நடுவில் வந்தா தலைநகரம் கட்டுவார்கள்? அரிசி பருப்பெல்லாம் எப்படிக் கொண்டுவந்து சேர்த்தார்கள்?" என்று கேட்டார்.

"அவர்கள் தீவில் கட்டவில்லை, தம்பி. அது ஒரு மலையின் உச்சி. நகரம் நமக்குக் கீழே இருக்கிறது" என்றேன்.

அவர் படகின் விளிம்பைப் பற்றிக்கொண்டு நீரை எட்டிப் பார்த்தார். பச்சை நிற நீரில் என்ன தெரியும்? ஆயினும் கரை சேரும் வரையில் அவர் அந்த விளிம்பைவிட்டு நகரவில்லை.

கீழே இருக்கும் நகரத்துக்கு விஜயபுரி என்று பெயர். கி.பி. மூன்றாம் நான்காம் நூற்றாண்டுகளில் இட்சுவாகு மன்னர்கள் அரசாண்ட இடம். 1926இல் சென்னைக் கல்வெட்டு அலுவலகத்தைச் சேர்ந்த ரங்கசாமி சரசுவதி என்பார் அங்கே சென்று இடிபாடுகளைக் கண்டு அறிவித்தார். 1927 முதல் 1931 வரை லாங்கர்ஸ்ட் என்னும் ஆங்கிலேயரும், பிறகு 1938இல் டி. என். இராமச்சந்திரன் அவர்களும் அகழ்ந்தார்கள். அவையெல்லாம் நிதானமாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக நடந்த வேலைகள். அதன்பின் அணை வந்தது. 1955 டிசம்பர் 10ஆம் நாள் நேரு அடிக்கல் நாட்டினார். ஆனால் அதற்கு முந்தின ஆண்டிலேயே தொல்லியல் துறையார் அந்தப் பள்ளத்தாக்குக்கென்றே ஒரு தனித் திட்டம் வகுத்து, ஆர். சுப்பிரமணியம் அவர்கள் தலைமையில் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். 1960 வரை, ஆறு ஆண்டுகள், தண்ணீருக்கும் மண்வெட்டிக்கும் ஓட்டப்பந்தயம். நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் தோண்டினார்கள். பழைய கற்காலத்துக் கருவிகள், புதிய கற்காலத்தார் வாழ்ந்த குழிகள், பெருங்கல் ஈமச் சின்னங்கள், மன்னரின் கோட்டை, முப்பதுக்கு மேற்பட்ட பௌத்தப் பள்ளிகள், கோயில்கள், ஆற்றுப் படித்துறைகள், நாற்புறமும் கற்படிகள் சூழ்ந்த ஓர் அரங்கம் என்று எத்தனையோ வெளிவந்தன. எல்லாவற்றையும் காப்பாற்ற இயலவில்லை. ஒன்பது கட்டடங்களைக் கல் கல்லாகப் பெயர்த்து மலையுச்சியில் மீண்டும் எழுப்பினார்கள். பதினான்குக்கு மாதிரி வடிவம் செய்து வைத்தார்கள். அந்த அரங்கம் கரையிலுள்ள அனுபு என்னும் இடத்துக்குக் குடிபெயர்ந்தது. மற்றவை நீருக்குப் போயின.

(இடையில் ஒரு செய்தி. அங்குக் கிடைத்த கல்வெட்டொன்று, இலங்கைத் துறவியர் பௌத்தம் பரப்பிய நாடுகளை வரிசையாகச் சொல்கிறது. காசுமீரம், காந்தாரம், சீனம் என்று தொடங்கும் அவ்வரிசையில், எழுத்துச் சிதைந்த ஓரிடத்தை அறிஞர்கள் 'தமிள' என்று படிக்கிறார்கள். வெளிமாநிலத்தில் தமிழ்ச் சங்கம் நடத்துகின்ற நமக்கு, நம் பெயர் நமக்கு முன்பே இப்பக்கம் வந்து சேர்ந்துவிட்டது என்பதில் ஒரு மகிழ்ச்சி இருக்கத்தானே செய்யும்!)

அன்று நண்பர்கள் அருங்காட்சியகத்தைச் சுற்றிவந்து, மரத்தடியில் சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. வெயிலினால் தலைவலி என்று சொல்லிவிட்டேன். உண்மையான காரணத்தை இப்போது சொல்கிறேன். தண்ணீர் வருவதற்கு முன்னால் யாரோ சிலர் அந்தப் பள்ளத்தாக்கைக் கோடி முதல் கோடி வரை கால் நோக நடந்து பார்த்திருக்கிறார்கள். நான் நடக்கவில்லை.

நான் நிலவியல் பயிலும் எம்.எஸ்ஸி. மாணவி. 2024ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் இரண்டு மாதங்கள் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். தொழிற்சாலையோ சுரங்கமோ நெடுஞ்சாலையோ தொடங்க விரும்புகிறவர்கள், அதனால் காற்றுக்கும் நீருக்கும் நிலத்துக்கும் என்ன நேரும் என்று அறிக்கை கொடுத்து அரசின் இசைவு பெற வேண்டும். அந்த அறிக்கைகளை எழுதிக் கொடுப்பது அந்நிறுவனத்தின் தொழில். எழுதுவதற்குக் கூலி கொடுப்பவர், தொழிற்சாலை கட்டப்போகிறவரேதான். இதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை, முறையே அப்படித்தான்.

எனக்குக் கொடுத்த வேலை, நகரத்திலிருந்து சில மணி நேரப் பயணத்தில் அமையவிருந்த ஒரு தொழிற்பேட்டையைப் பற்றியது. பாறை, மண், கிணற்று நீர் ஆகியவை என் பங்கு. அதனோடு படிவத்தில் எஞ்சியிருந்த சில கேள்விகளையும், 'சின்ன வேலைதானே' என்று என்னிடமே தள்ளிவிட்டார்கள். 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கையோடு வந்த முதற்படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. திட்டம் அமையும் இடத்திலிருந்து 15 கிலோமீட்டர் தொலைவுக்குள், இயற்கைச் சிறப்போ பண்பாட்டுச் சிறப்போ கருதிச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட இடங்கள் ஏதேனும் உண்டா என்பது அதன் கருத்து. நான் பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் பட்டியலைக் கணினியில் திறந்தேன். வரைபடத்தில் 15 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டேன். வட்டத்துக்குள் ஒரு புள்ளியும் விழவில்லை. 'இல்லை' என்று எழுதினேன். எல்லாம் பத்து நிமிட வேலை. அதிலும் ஏழு நிமிடம் பட்டியல் திறப்பதற்காகக் காத்திருந்தது.

பத்து நாள் கழித்துக் கிணற்று நீர் எடுத்துவர அந்த இடத்துக்குப் போனேன். தெலுங்கானத்துக் கருங்கல் பூமியை அறிந்தவர்களுக்கு வருணிக்க வேண்டியதில்லை; ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிவைத்தாற்போன்ற உருண்டைப் பாறைகள், இடையிடையே சோளக் கொல்லைகள், ஆவாரஞ் செடிகள். மூன்றாவது கிணற்றிலிருந்து நான்காவதுக்குக் குறுக்கே நடந்தபோது ஒரு கல்வட்டத்துக்குள் நின்றுகொண்டிருந்தேன். பன்னிரண்டு அடிவைப்புக் குறுக்களவு இருக்கும். பாதி புதைந்த பெருங்கற்கள், ஒன்றுக்கொன்று ஏறத்தாழ ஒரே இடைவெளியில். சற்றுத் தள்ளி இன்னொன்று. அதற்கப்பால் மற்றொன்று. ஆறு எண்ணினேன். பாறைகள் தாமே உருண்டு வந்து வட்டமாக உட்காரும் என்று நான் படித்த நிலவியல் நூல் எதிலும் எழுதியிருக்கவில்லை. பக்கத்தில் மழைநீர் அறுத்த ஓடையின் கரையில், உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான ஓட்டாஞ்சில்லுகள் கிடந்தன. இரண்டு மூன்று கற்களில் உளியால் வரிசையாகக் குழி போட்டிருந்தார்கள். வேலிக்கல்லுக்காகப் பிளக்கப் போகிறார்கள் என்று பொருள்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம், "தாத்தா, இவை என்ன?" என்று எனக்குத் தெரிந்த தெலுங்கில் கேட்டேன். "ராகாசி குள்ளு" என்றார். அரக்கர் கோயில்கள்! அந்தப் பக்கத்தில் பெருங்கற்காலச் சவக்குழிகளுக்கு அதுதான் பெயர். நம் ஊர்ப்பக்கத்தில் இவற்றைப் பாண்டவர் தலையில் கட்டுவோம். அங்கே அரக்கர் தலையில் கட்டியிருக்கிறார்கள். ஆக, அந்த ஊரில் ஆடு மேய்ப்பவருக்கும் தெரிந்த ஒன்றைத்தான் நான் 'இல்லை' என்று எழுதியிருந்தேன்.

திரும்பி வந்து மேலாளரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் அல்லர். நாள்தோறும் எனக்குத் தேநீர் வாங்கித் தந்து, ஊரிலிருந்து வந்த பிள்ளை என்று பரிவு காட்டியவர். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கேள்வியை மறுபடி படி, அம்மா. சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட இடம் உண்டா என்று கேட்கிறான். நீ பார்த்த வட்டங்கள் பாதுகாக்கப்பட்டவையா?" என்றார்.

"இல்லை, சார்."

"அப்படியானால் நீ எழுதியது சரி."

நான் எழுதியது சரிதான். அதுதான் எனக்குத் துன்பமாக இருந்தது. பொய் எழுதியிருந்தால் அடித்துத் திருத்தியிருக்கலாம். மெய்யை எப்படித் திருத்துவது? அரைப் பக்கத்தில் ஒரு குறிப்பும் ஒரு படமும் வரைந்து, பின்னிணைப்பில் சேர்க்கும்படி கேட்டுக்கொண்டு பயிற்சியை முடித்து வந்தேன். அறிக்கை வெளியானதும் முதலில் அந்தப் பக்கத்தைத் தேடினேன். கிடைக்கவில்லை. கடைசிப் பக்கத்தில், உதவியோர் வரிசையில், என் பெயர் மட்டும் ஓரெழுத்தும் பிசகாமல் அச்சாகியிருந்தது.

சட்டத்தைப் படித்துப் பார்த்தேன். நம் நாட்டின் தொன்மைச் சின்னங்கள் சட்டம் 1958இல் வந்தது. 2010ஆம் ஆண்டுத் திருத்தம், பாதுகாக்கப்பட்ட ஒரு சின்னத்தைச் சுற்றி 100 மீட்டரில் எதுவும் கட்டக் கூடாது என்றும், அதற்கப்பால் 200 மீட்டரில் இசைவு பெற்றே கட்ட வேண்டும் என்றும் வகுத்தது. கண்டிப்பான சட்டந்தான். ஆனால் அரசிதழில் பெயர் ஏறிய பிறகே அந்தக் கண்டிப்பு பிறக்கிறது. மத்திய அரசின் பட்டியலில் ஏறியவை 3,600க்குச் சற்று அதிகம். இந்தப் பெரிய தேசத்துக்கு அது எம்மாத்திரம்? அந்தப் பட்டியலேனும் பத்திரமாக இருக்கிறதா என்றால், 2013இல் தலைமைக் கணக்குத் தணிக்கையர் 1,655 சின்னங்களை நேரில் பார்க்க ஆளனுப்பியதில் 92 சின்னங்கள் இருக்குமிடமே தெரியவில்லை. பிறகு தேடியதில் அவற்றுள் சில அகப்பட்டன. பெயர் ஏறியவற்றின் கதை இது என்றால், பெயரே இல்லாத என் அரக்கர்களை யார் தேடப் போகிறார்கள்?

இந்த மனக்குறையை நம் சங்கத்து உறுப்பினரும் வரலாற்றுத் துறையில் ஆராய்ச்சி செய்பவருமான ஓர் அக்காவிடம் சொல்லிப் புலம்பினேன். அவர் என்னைத் தேற்றவில்லை. "நீ தனியாகக் கண்டுபிடித்த குறை என்று நினைக்காதே, அமெரிக்கர்களும் இதே பள்ளத்தில்தான் விழுந்து எழுந்தார்கள்" என்று சொல்லி, இல்லினாய் மாநிலத்து ஆராய்ச்சி நூல்கள் சிலவற்றைப் படிக்கக் கொடுத்தார். தேர்வுக்குப் படிக்க வேண்டிய நாட்களில் அவற்றைப் படித்தேன். (என் மதிப்பெண் குறைந்ததற்கு அக்காதான் பொறுப்பு.)

அந்நாட்டின் தொன்மைப் பாதுகாப்புச் சட்டம் 1966 அக்டோபரில் நிறைவேறியது. அதன் 106ஆம் பிரிவு, மத்திய அரசின் பணத்திலோ இசைவிலோ ஒரு வேலை நடக்குமானால், அதனால் தொன்மையான இடங்களுக்கு என்ன நேரும் என்பதை முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும் என்றது. தடை விதிக்கவில்லை, எண்ணிப் பார் என்றது, அவ்வளவுதான். முதலில் அதுவும் தேசியப் பட்டியலில் ஏறிய இடங்களைப் பற்றி மட்டுமே பேசியது. நம் படிவத்தைப் போலத்தான். 1971இல் அவர்களுடைய தலைவர் பிறப்பித்த ஆணையொன்றும், பின்னர் 1976இல் செய்த சட்டத் திருத்தமும், 'பட்டியலில் ஏறிய' என்பதோடு 'ஏறத் தகுதியுள்ள' என்பதையும் சேர்த்தன. இரண்டே சொற்கள். ஆனால் ஓரிடம் தகுதியுள்ளதா அன்றா என்று நாற்காலியில் அமர்ந்து சொல்ல முடியாதே! யாராவது எழுந்து போய்ப் பார்த்தாக வேண்டும். போய்ப் பார்ப்பவருக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். 1974இல் வந்த வேறொரு சட்டம், திட்டச் செலவில் நூற்றுக்கு ஒன்று வரையில் இவ்வேலைக்குச் செலவிடலாம் என்று வழி செய்தது. இவ்வாறு, சாலை போடுகிறவர் பணத்தில், சாலைக்கு முன்னால் நடந்துபோகும் ஒரு தொழிலே அங்கு உண்டாகிவிட்டது. இன்று அந்நாட்டில் தொல்லியல் கற்றவர்களில் பெரும்பாலோருக்குப் பிழைப்பு அதுதான்.

எப்படி நடக்கிறார்கள் என்பதைப் படித்தபோது எனக்கு நாக்கில் நீர் ஊறியது. உழுத நிலமாக இருந்தால் ஐந்தைந்து மீட்டர் இடைவெளியில் ஆட்கள் வரிசையாக நின்று, தலையைக் குனிந்தபடி நிலம் முழுவதும் நடந்து கடக்கிறார்கள். புல் மூடிய நிலமாக இருந்தால் இடைவெளிவிட்டுச் சிறு குழிகள் தோண்டி மண்ணைச் சலிக்கிறார்கள். ஏதேனும் அகப்பட்டால் சோதனைக் குழி. அதுவும் தக்கதென்று கண்டால், முதலில் சாலையை வளைத்துக் கொண்டுபோக முடியுமா என்று பார்க்கிறார்கள். முடியாவிட்டால்தான் முழு அகழாய்வு. அப்போது இயந்திரத்தால் மேல்மண்ணை மெல்லச் சீவி எடுக்கிறார்கள். அடிமண்ணில் கருநிறத் திட்டுகள் தெரியும். வட்டமாக இருந்தால் தானியக் குழி. வரிசையாகச் சிறு புள்ளிகள் இருந்தால் வீட்டுச் சுவரின் கம்பம் நட்ட இடம். குழி மண்ணை நீரில் கரைத்தால் கரிந்துபோன விதைகள் மிதந்து மேலே வரும். இந்த ஊரார் சோளம் தின்றார்களா, கொட்டை பொறுக்கித் தின்றார்களா என்பதை அதிலிருந்து சொல்லிவிடலாம்.

இல்லினாயில் மிசிசிப்பி ஆற்றின் கிழக்குக் கரையில் கஹோக்கியா என்ற பழைய நகரம் உண்டு. ஏறத்தாழ கி.பி. 1050 முதல் 1200 வரை ஓங்கியிருந்த ஊர். அங்கே மண்ணால் எழுப்பிய பெரிய மேடு முப்பது மீட்டர் உயரம். 1970களின் இறுதியில் அந்தச் சமவெளியின் குறுக்கே ஒரு நெடுஞ்சாலை வந்தபோது, மாநிலச் சாலைத் துறையின் பணத்தில் இல்லினாய் பல்கலைக் கழகத்தார் ஆண்டுக்கணக்காக அகழ்ந்தார்கள். அரசர் மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்த கண்களுக்கு, அப்போதுதான் சுற்றுவட்டாரக் குடியானவர்களின் சிற்றூர்கள் புலப்பட்டன. சாலை நேர்கோட்டில் போகிறது. அழகான இடம் அழகில்லாத இடம் என்று அது பார்ப்பதில்லை. அறிஞர்கள் தாமாக ஒருநாளும் தேர்ந்தெடுத்திராத இடங்களையெல்லாம் சாலை தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. அந்தச் சாலை இன்று 255ஆம் எண் நெடுஞ்சாலை. அந்த வேலையிலிருந்து வளர்ந்த அமைப்பு, மாநிலப் போக்குவரத்துத் தொல்லியல் ஆராய்ச்சித் திட்டம் என்ற பெயரில் அப்பல்கலைக் கழகத்திலேயே நடந்து, 2010இல் மாநிலத் தொல்லியல் ஆய்வகம் என்று பெயர் மாறிற்று. ஒவ்வொரு வேலைக்கும் ஏலம்போட்டுக் குறைந்த கூலிக்காரரைப் பிடிக்காமல், சாலைத் துறையும் பல்கலைக் கழகமும் நிலையான உடன்பாடு செய்துகொண்டிருப்பது அதன் சிறப்பு. இந்த மாதம் பிழைப்பு வேண்டுமே என்று கவலைப்படாத ஒருவர் 'இங்கே இருக்கிறது' என்று துணிந்து சொல்லலாம் அல்லவா?

என்னை உலுக்கியது கிழக்கு செயின்ட் லூயிஸ் என்ற இடத்துக் கதை. அங்கே பழைய மண்மேடுகள் பல இருந்தன என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தெரியும். பிறகு அந்நிலத்தின்மேல் ரெயில் பாதைகளும் கால்நடைச் சந்தையும் இறைச்சித் தொழிற்சாலைகளும் வந்துவிட்டன. எல்லாம் அழிந்தது என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். அந்த ஊருக்கு நம் படிவத்தை நிரப்பினால் நானும் கண்ணை மூடிக்கொண்டு 'இல்லை' என்றே எழுதியிருப்பேன். மிசிசிப்பிக்குப் புதிய பாலம் கட்ட அந்த வழியைத் தேர்ந்தபோது, 2008 முதல் 2012 வரை இந்த ஆய்வகத்தார் தோண்டிப் பார்த்தார்கள். தொழிற்சாலைக் குப்பைக்கடியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளின் தடங்களும், ஒரு மண்மேட்டின் அடித்தளமும் இருந்தன. பாலம் நின்றுவிடவில்லை, 2014இல் திறந்தார்கள்.

அமெரிக்கரைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. ஆற்றுக்கு மறுகரையில், செயின்ட் லூயிஸ் நகரத்துப் பெரிய மேட்டை 1869இல் வெட்டித் தரைமட்டமாக்கி, மண்ணை ரெயில் பாதைக்குக் கொட்டியவர்களும் அவர்களே. அந்த மேடுகளை எழுப்பிய மக்களின் வழித்தோன்றல்களை, 'உங்கள் பாட்டன் எலும்பை எடுக்கலாமா?' என்று கேட்க வேண்டும் என்பது நெடுங்காலம் அவர்களுக்குத் தோன்றவில்லை. 1990இல்தான் அதற்கு நாடளாவிய சட்டம் வந்தது. தோண்டி எடுத்த இடமும் அழிந்த இடந்தான். காகிதமும் பெட்டிகளும் மிஞ்சுகின்றன. இவ்வளவும் தெரிந்தே சொல்கிறேன். எங்கள் கல்வட்டங்களுக்குக் காகிதமும் மிஞ்சப்போவதில்லை.

இனி என் தந்தையாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் இருபது ஆண்டுகளுக்கு முன் திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு ஆழ்குழாய்க் கிணறு போட இப்பக்கம் வந்து, இங்கேயே தங்கிவிட்டவர். மண்ணைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் சொன்னது. நான் கல்வட்டங்களைப் பற்றி ஆத்திரத்தோடு சொன்னபோது அவர் சிரித்தார்.

"இதுக்கா அம்மிணி சோறு திங்காம இருக்கறே? நம்மூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துல வண்டியத் தூக்கி நிறுத்தறப்போ ஒரு பக்கத்து ஜாக்கி சடார்னு உள்ள எறங்கிருச்சு. வண்டியே சாஞ்சு போச்சு. என்னன்னு பாத்தா ஆள் ஒசரத் தாழி. உள்ள எலும்பு, சின்னச் சின்னக் கலயம்."

"என்னப்பா செஞ்சீங்க?"

"என்ன செய்யறது? கல்லப் போட்டு மூடிப்போட்டு, பத்தடி தள்ளி போர் போட்டோம். தோட்டத்துக்காரரு கையெடுத்துக் கும்புட்டாரு, வெளிய சொல்லிப்போடாதீங்கன்னு. சொன்னா வேலை நின்னுரும். நின்னா வண்டிக்கு வாடகை ஆரு குடுக்கறது? பசங்களுக்குக் கூலி ஆரு குடுக்கறது?"

ஒரு கலயத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தாராம். அப்பத்தா வாசலிலேயே மறித்து, செத்தவர் சோறுண்ட கலயம் இந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். வேலியோரம் வைத்தது, ஒரு மழைக்குப் பிறகு காணோம்.

பூமியில் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கண்டால் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டிலேயே சட்டம் இருக்கிறது என்றேன். "பத்து ரூவாய்க்கு இன்னிக்கு ஒரு டீ வருமா?" என்று கேட்டார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த அமெரிக்காவுல வேலை நின்னா வாடகை ஆரு குடுக்கறாங்க?" என்றார்.

"ரோடு போடற கணக்கிலயே மொதல்ல எழுதி வெச்சுக்கறாங்கப்பா."

"அப்பச் சரி. மொதல்லயே கணக்குல வெச்சுட்டா அப்பறம் எவன் மூடறான்?"

நான் மூன்று மாதம் படித்ததை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார். அவர்மேல் எனக்கு வந்த கோபம், வந்த வழியே போய்விட்டது. மேலாளர்மேல் இருந்த கோபத்திலும் பாதி போயிற்று. மீதிப் பாதியை வைத்திருக்கிறேன்.

இடத்தின் குறியீட்டையும் படங்களையும் வைத்து உரிய அரசு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். பெற்றுக்கொண்டோம் என்று ஓர் எண் வந்திருக்கிறது. அதே சமயத்தில் பயிற்சி பெற்ற நிறுவனத்திலிருந்து இன்னொரு கடிதமும் வந்தது. படிப்பு முடிந்ததும் வேலையில் சேரலாம் என்றும், மே மாதத்துக்குள் பதில் எழுத வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. வீட்டில் தம்பிக்கு இன்னும் மூன்றாண்டுப் படிப்பு இருக்கிறது. அப்பாவுக்கு முதுகு வலி. ரிக் வண்டியின் அதிர்ச்சி அப்படிப்பட்டது. வேண்டாம் என்று எழுதி வீரம் காட்டக்கூடிய நிலையில் நான் இல்லை. சேருகிறேன், ஆனால் படிவம் நிரப்பும் முன்னால் ஒவ்வொரு இடத்திலும் ஒரு முழு நாள் நடந்து பார்க்க எனக்கு இசைவு வேண்டும். அந்த ஒரு நாள் கூலியைத் திட்டச் செலவிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதிப் போட்டிருக்கிறேன். அந்த மேலாளர் நல்லவர் என்று முன்பே சொன்னேன். பார்ப்போம்.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவை அந்த இடத்துக்கு அழைத்துப்போனேன். வண்டியிலிருந்து அளவு நாடாவையும் ஒரு கடப்பாறையையும் அவரே எடுத்துக்கொண்டு வந்தார். தோண்டப் போவதில்லை அப்பா என்றதற்கு, ஊன்றிக்கொள்ளத்தான் என்றார். நான் கற்களைப் பார்த்து நடந்தேன். அவர் செடிகளைப் பார்த்து நடந்தார். "ஆவாரை இந்த எடத்துல மட்டும் செழிப்பா நிக்குது பாரு. அடியில மண்ணு ஆழமா இருக்குது. எப்பவோ தோண்டி மூடின எடம்" என்று காட்டிய இடங்களில் குனிந்து பார்த்தால், புல்லுக்கடியில் கற்களின் தலை தெரிந்தது. சென்ற கோடையில் ஆறு என்று எழுதியிருந்தேன். நண்பகலுக்குள் பதினொன்று ஆயிற்று.

அவற்றுள் இரண்டு, சென்ற கோடையில் நான் பார்த்தவை, இப்போது வட்டமாக இல்லை. கற்களைப் பிளந்து கொண்டுபோய்விட்டார்கள். கற்கள் உட்கார்ந்திருந்த பள்ளங்கள் மட்டும் வரிசையாக இருந்தன. நான் குறிப்பேட்டில் ஒன்பது என்று எழுதி, பென்சிலைக் காதில் செருகினேன்.

"பதினொண்ணுன்னு எழுது, அம்மிணி" என்றார் அப்பா. "கல்லுதான் போச்சு. பள்ளம் இருக்குதல்ல?"

நாடாவின் ஒரு முனையை அவர் பிடித்துக்கொண்டார். பள்ளங்களையும் அளந்து எழுதிக்கொண்டு திரும்பினோம்.